கட்டத்தாளில் ஒரு வர்ணம்

அண்ணன் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த வாரம். நெய்வேலியில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒருநாள் வருகிற வாரம்தான். முப்பது வருடம் இருந்த வீடு நம்முடையது இல்லை என்பது பரணைக் காலி செய்யும்போதுதான் உறைக்கும். கொல்லையில் மாங்கன்று வைத்தவர்கள் நாம். காய் பறிக்கப்போகிறவர் யாரோ. அந்தப் பரணிலிருந்து, பழைய பிரஷர் குக்கருக்கும் ஒரு மூட்டை வார இதழ்களுக்கும் நடுவிலிருந்து, என் வயலின் நோட்டு இறங்கியது.

கடையில் வாங்கிய நோட்டு அல்ல. அப்பா வரைபடப் பிரிவில் வேலை பார்த்தார். ஒரு பக்கத்தில் குழாயோ பம்போ வரைந்து கழித்துப்போட்ட கிராஃப் தாள்கள் வீட்டுக்கு வரும். அம்மா அவற்றை மடித்து, நடுவில் கோணி ஊசியால் நூல் கோத்துத் தருவாள். 1984இல் முதல் வகுப்புக்கு அதைத்தான் எடுத்துப்போனேன். வாத்தியார் முழுநேர இசைக்காரர் இல்லை. ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் வயலின். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், "யார்றா இந்த யோசனை சொன்னது? இனிமே எல்லாப் பசங்களும் இப்படியே கொண்டாங்க" என்றார்.

வரைபடக்காரர் வீட்டுத் தாளில் அவர் கண்டது தாளம். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு 4 கட்டம் என்றால் வரிக்கு 32 கட்டம். கட்டத்துக்கு ஒரு ஸ்வரம். ஸ்வரத்தை ஓர் அட்சரம் நீட்ட வேண்டுமா, அடுத்த கட்டத்தில் கால்புள்ளி. இரண்டு நீட்ட வேண்டுமா, இரண்டு கட்டத்தை அடைத்து ஓர் அரைப்புள்ளி. இரண்டாம் காலத்துக்குத் தலைமேல் ஒரு கோடு, மூன்றாம் காலத்துக்கு இரண்டு கோடு. வரியின் கடைசி ஸ்வரம் முப்பத்திரண்டாம் கட்டத்தில் உட்காரவில்லை என்றால் வழியில் ஏதோ ஒன்றை விழுங்கிவிட்டோம் என்று பொருள். வாத்தியார் பென்சில் முனையால் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டே போய்க் களவு போன இடத்தைப் பிடித்துவிடுவார். ஸ்வரப்படுத்தி எழுதுவது என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தத் தட்டல் சத்தம்தான்.

ஊரும் அப்படிக் கட்டம் போட்ட ஊர்தான். 1935இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது என்பதில் கதை தொடங்கும். 1956இல் நிறுவனம், 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, 1962இல் மின்சாரம். இதற்கெல்லாம் ஆள் வேண்டியிருந்தது. வட்டம் வட்டமாக வீடுகள் எழும்பின. ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் மலையாளம். எல்லோரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதால், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டோ வயலினோ மிருதங்கமோ சொல்லிவைப்பதில் ஒரு வேகம் இருந்தது. ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டு மேடையேறியவர்கள் அதனால்தான் இத்தனை பேர். பாடகர் நெய்வேலி சந்தானகோபாலன் 2020ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி. மிருதங்கத்தில் நெய்வேலி வெங்கடேஷ். எங்கள் வாத்தியாரின் மாணவர்களில் அப்படி யாரும் கிளம்பவில்லை; அதற்கு என் வில் கையே சாட்சி.

நோட்டின் பக்கங்களில் எழுத்தைவிட அதன் மேலும் கீழும் இருப்பவைதான் அதிகம். தெலுங்கு சாகித்தியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால், நாலு விதமாக ஒலிக்க வேண்டிய இடத்துக்கு நம்மிடம் இருப்பது ஒரே 'க'. எனவே உச்சரிப்புக்குத் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பொடி எண்கள். ஸ்வர வரிசையிலோ எந்த ரிஷபம், எந்தக் காந்தாரம் என்று சொல்ல எழுத்தின் காலடியில் எண்கள். மேலே எண், கீழே எண், நடுவில் எழுத்து; பார்த்தால் அப்பாவின் பம்பு வரைபடத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு புள்ளிதான் வில்லன். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்கு எழுத்தின் மேல் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி என்பது வழக்கம். மற்ற மொழிக்காரர்களுக்கு இதில் தொல்லை இல்லை. தமிழனுக்கு எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. மேல் ஸட்ஜமத்தைப் புள்ளியோடு எழுதினால் 'ஸ்'. முதல் வகுப்பில் நான் அதை 'இஸ்' என்று படித்தேன். "அது மெய்யெழுத்து இல்லடா, மேல ஸ" என்று தலையில் ஒரு குட்டு. கீழே சாகித்திய வரியில் அதே 'ஸ்' வரும். அங்கே அது மெய்யெழுத்தேதான். ஒரே பக்கத்தில், ஒரே உருவத்துக்கு, மேல்வரியில் ஒரு பொருள், கீழ்வரியில் வேறு பொருள். பத்து வயதுப் பையன் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டான். கம்ப்யூட்டர் இன்னும் பழகவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டபோது புத்தகம் தெலுங்கு எழுத்தில் வந்தது. தெலுங்கில் மெய்க்குப் புள்ளி இல்லை. தலைமேல் புள்ளி என்றால் ஸ்தாயி, அவ்வளவுதான். மியூசிக் அகாடமி 1961 முதல் அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தபோது புள்ளித் தகராறும் கூடவே வந்திருக்கும். தீட்சிதர் ஸ்வரத்தோடு நிற்கவில்லை. ஸ்வரம் அசைகிற விதத்துக்கும் குறி வைத்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிச் சாய்ந்த கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்த கோடு, ரவைக்கு ஒரு சின்னக் கூரை, ஒடுக்கலுக்குப் பெருக்கல் குறி. இவற்றை ஈய எழுத்தில் கோத்த அச்சுக்காரர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். அவரை இந்த வேலைக்குத் தூண்டியவர்களில் முக்கியமானவர் சின்னசாமி முதலியார். அவர் 1890களின் தொடக்கத்திலேயே நம் பாட்டுகளை மேற்கத்திய ஐந்து கோட்டில் அச்சிடத் தொடங்கியவர். ஆக, எழுத்தா கோடா என்ற வழக்கு நூற்று முப்பது வருடப் பழசு.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் என்று நாம் சொல்லும் பாலுசாமி தீட்சிதரின் பேரன்தான் சுப்பராம தீட்சிதர். தாத்தாவே பேரனைத் தத்தும் எடுத்துக்கொண்டார். அப்படி வந்தவர் எழுதிய புத்தகத்தில் வீணைக்காரன் விரலுக்கு வழி இருக்கிறது, வயலின்காரன் வில்லுக்கு ஒரு குறி கிடையாது. பிறகு வந்த புத்தகங்களும் அந்த வழியே போயின. வில்லை எப்போது இழுப்பது, எப்போது தள்ளுவது, ஒரே வில்லில் எத்தனை ஸ்வரம் என்பதெல்லாம் வாத்தியார் வீட்டுத் திண்ணை விவகாரமாகவே இருந்துவிட்டது. ஐரோப்பாவில் அதற்கு இரண்டு சின்னக் குறிகள் உண்டு. இழுப்புக்கு மேசை மாதிரி ஒன்று, தள்ளுக்கு ஆங்கில 'வி' மாதிரி ஒன்று.

எங்கள் வாத்தியாருக்கு அவை தெரியாது. அவரே ஒரு ஏற்பாடு செய்தார். இழுப்புக்கு 'இ', தள்ளுக்கு 'த', சிவப்பு மையில். ஒரே மாதத்தில் கைவிட்டார்; தைவதமும் 'த' ஆயிற்றே. மோகன வர்ணத்தில் இரண்டு 'த'வும் மேலும் கீழுமாக நிற்க, நாங்கள் தைவதத்தை எல்லாம் தள்ளினோம். அப்புறம் அம்புக்குறிக்கு மாறினார். வலப்பக்கம் பார்த்த அம்பு இழுப்பு, இடப்பக்கம் பார்த்தது தள்ளு. என் நோட்டில் அந்தச் சிவப்பு அம்புகள் இப்போது காவி நிறமாகிவிட்டன.

நடுவில் ஒரு காலம் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எரிச்சலைத் தவிர. 1990களின் கடைசியில் ஒரு டி.டி.பி. கடையில் வர்ணங்களைத் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். பாமினி எழுத்துரு. மேல்கோடு போட வழியில்லை என்று அடிக்கோடு போட்டார்கள். அதாவது முந்தைய வரிக்கு மேலே இருக்க வேண்டிய கோடு அடுத்த வரிக்குச் சொந்தமானது மாதிரி வந்தது. கீழ் ஸ்தாயிப் புள்ளியைக் கையால் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஃப்ளாப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் வர்ணம் முழுக்க ஆங்கில எழுத்துக் கொத்து. அந்த எழுத்துரு என் கம்ப்யூட்டரில் இல்லை. யூனிகோட் வந்து அந்தக் கொத்தை ஒழித்தது. புள்ளியை ஒழிக்கவில்லை. யூனிகோடில் மேல் ஸட்ஜமம் தட்டினால் கிடைப்பது அதே 'ஸ்', கம்ப்யூட்டர் கண்ணுக்குச் சுத்தமான மெய்யெழுத்து. 'ரி'க்கும் 'நி'க்கும் ஏற்கெனவே தலையில் கொக்கி இருப்பதால் புள்ளி வைக்க இடமே இல்லை. தமிழுக்கு வெளியே இருக்கும் பொதுப் புள்ளியை இரவல் வாங்கி ஒட்டலாம். ஒரு போனில் ஒழுங்காக உட்காரும், இன்னொன்றில் எழுத்தைவிட்டுத் தள்ளி வட்டத்துக்குள் நிற்கும்.

காலி செய்த வீட்டின் வெறும் தரையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள் அண்ணன் மகள். பொறியியல் இரண்டாம் ஆண்டு. சின்ன வயதில் வேறொரு ஆசிரியரிடம் வயலின், பிறகு லண்டன் டிரினிட்டி தேர்வுகளில் சில கிரேடு. இரண்டையும் வாசிக்கிறாள், இரண்டையும் படிக்கிறாள். கல்லூரியில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அந்த நாலு பேருக்கு மோகன வர்ணம், பூச்சி ஐயங்காரின் 'நின்னுக்கோரி', எழுத வேண்டும். மற்ற மூவருக்கும் ஸ ரி க ம தெரியாது. ஐந்து கோடுதான் தெரியும்.

புது யோசனை இல்லை. வி.எஸ். நரசிம்மன் 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை இதற்காகவே தொடங்கினார். அதற்கும் முன்பே கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக்கூடங்களில் வயலின் வரிசை முழுக்க ஐந்து கோட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தது. இளையராஜா கையால் எழுதித் தந்த தாள்களை வைத்து அன்றன்றைக்கே வாசித்து முடித்தார்கள். அதே கைதான் 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் வாசித்த சிம்பொனிக்கும் கோடு இழுத்தது. நம் ஊர் வில் வாத்தியக்காரனுக்கு ஐந்து கோடு அந்நியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கச்சேரி மேடைக்குத்தான் அது அந்நியம்.

அவள் வைத்திருந்தது லிலிபாண்ட். 1996இல் நெதர்லாந்தில் இரண்டு பேர் தொடங்கிய இலவச மென்பொருள். இதில் எலியால் ஸ்வரத்தைப் பிடித்துக் கோட்டில் வைக்கிற வேலை கிடையாது. எழுத்தாகத் தட்ட வேண்டும், அது கோடும் குறியுமாக அச்சுக் கோத்துத் தரும். "ஏன் இது? சுலபமா ஏதாவது இல்லையா?" என்றேன். "எங்க மிஸ் ஃபினாலேல எழுதி வெச்சிருந்தாங்க சித்தப்பா. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கம்பெனியே அதை நிறுத்திட்டான். இது வெறும் எழுத்து, எதுல வேணா திறக்கும்." 1988இல் வந்த ஃபினாலேயை 2024 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், அவள் சொன்னது சரி. டி.டி.பி. கடை ஃப்ளாப்பி எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டைப் பார்த்து நான் சொல்ல, அவள் தட்ட. முதல் வரியிலேயே இடறினோம். நான் பழக்கத்தில் "ஸ, கமா" என்றேன். அவளும் தட்டினாள். ஸட்ஜமம் ஒரு ஸ்தாயி கீழே போய் விழுந்தது. நமக்குக் கால்புள்ளி என்றால் நீட்டு. லிலிபாண்டுக்குக் கால்புள்ளி என்றால் ஒரு ஸ்தாயி இறக்கு. மேலே ஏற்ற, எழுத்தின் தோளில் ஒற்றை மேற்கோள் குறி. எழுத்தின் பக்கத்தில் வைக்கிறார்கள், தலையில் வைக்கவில்லை. புள்ளித் தகராறை டச்சுக்காரன் அவ்வளவு எளிதாகத் தாண்டிப் போயிருக்கிறான்.

அதன்பின் எனக்குச் சுவாரசியம் தட்டியது. தீட்சிதரின் குறிகளைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டேன். கம்பிதத்தின் நெளிகோடு விசைப்பலகையில் இருக்கிறது. லிலிபாண்டில் அதற்கு இரண்டு ஸ்வரத்தை ஒன்றாகக் கட்டிப்போடு என்று பொருள். அசைக்கச் சொன்ன குறி அசையாதே என்கிறது. இறக்க ஜாருவின் சாய்கோடும் இருக்கிறது. அது எல்லாக் கட்டளைக்கும் முன்னால் வரும் வாசல்படி. ரவையின் கூரை, 'இதை மேலே எழுது' என்கிறது. எட்டயபுரத்தில் ஈயத்தில் வார்த்தவை எல்லாம் இன்று என் விரலடியில் கிடக்கின்றன, ஒன்றுகூடத் தன் வேலையைப் பார்க்கவில்லை.

வில் விஷயத்தில் மட்டும் அது ராஜா. சாய்கோடு போட்டு 'டவுன்-போ' என்று தட்டினால் மேசை, 'அப்-போ' என்று தட்டினால் 'வி'. ஒரே வில்லில் வர வேண்டிய ஸ்வரங்களைச் சுற்றி அடைப்பு போட்டால் தலைமேல் ஒரு வளைவு. வாத்தியாரின் காவி அம்புகள் ஒவ்வொன்றும் திரையில் ஏறின. நூறு வருடத் தமிழ்ப் புத்தகங்கள் செய்யாததை ஒரு டச்சு மென்பொருள் செய்கிறது. ஆனால் அதற்கு ஸ்வரத்தின் அசைவு தெரியாது. தமிழ்த் தட்டச்சுக்கு எழுத்து தெரியும், அதற்கு ஸ்தாயியே மெய்யெழுத்து. கர்நாடக வயலின்காரன் இரண்டு அரைக்குருடர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டியிருக்கிறது. மூன்று ரூபாய் சிவப்புப் பேனாவும் கழித்துப்போட்ட கட்டத்தாளும் இரண்டையும் செய்தன என்று அவளிடம் சொன்னேன். "ஆனா அதை நாலு பேருக்கு அனுப்ப முடியாதே" என்றாள். அதுவும் நியாயம். நாங்கள் ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதியதில் எத்தனை அம்பு திரும்பிப்போயிற்றோ.

மென்பொருள் செய்கிற ஒரு வேலை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டுகிற ஒலிக்கோப்பையும் சேர்த்தே ஆக்கித் தருகிறது. மோகனத்தில் தப்பித்தது. பழகிப் பார்க்க அவள் முன்பே பைரவி 'விரிபோணி'யில் இரண்டு வரி போட்டு வைத்திருந்தாள், அதை ஓடவிட்டாள். காந்தாரமும் நிஷாதமும் ஆணி அடித்த மாதிரி நின்றன. ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் அடிக்கிற மணி பைரவியில் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "என் ஃப்ரெண்ட்ஸ் இதைக் கேட்டுட்டுதான் வாசிப்பாங்க" என்றாள். நோட்டு ஊமை. பாட்டு எப்படி என்று கேட்க வாத்தியாரிடம்தான் போக வேண்டும். இது பேசுகிற நோட்டு, தப்பாகப் பேசுகிறது. கேட்கிற பிள்ளைக்கு அது தப்பென்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. அவளே பாடிப் பதிவு செய்து கூட அனுப்புவது என்று முடிவாயிற்று.

சிட்டைஸ்வரத்துக்கு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. லாரிக்காரர் இரண்டு முறை எட்டிப்பார்த்தார். அவள் வரிக்கு வரி நெட்டுக்கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அது திரையில் எதையும் வரைவதற்கில்லையாம். தாளம் இங்கே முடிந்தாக வேண்டும் என்று மென்பொருளிடம் சொல்லிவைப்பது. கணக்கு இடித்தால் இத்தனையாவது வரியில் உதைக்கிறது என்று எச்சரிக்கும். மூன்றாம் வரியில் எச்சரித்தது. கால் எண்ணிக்கை குறைகிறதாம். நோட்டைப் பார்த்தேன். இருபத்தோராம் கட்டத்தில் ராமபாணப் பூச்சி ஒரு துளை போட்டிருந்தது. சுத்தமாக ஒரு கட்டம். எழுத்தும் இல்லை, அதன் மேலிருந்த அம்பும் இல்லை.

"மோகனம்தானே சித்தப்பா. அஞ்சுல ஒண்ணு" என்றாள். ஸ ரி க ப த என்று விரல் விட்டாள். நெட்டில் தேடலாம் என்று போனை எடுத்தாள். ஒவ்வொரு பாடாந்தரத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும், வேண்டாம் என்றேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வரியின் தொடக்கத்திலிருந்து பாடினேன். நாற்பது வருடமாகத் தொடாத வரி. முதல் தடவை துளைக்கு முன்னால் நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும். மூன்றாவது தடவை யோசிக்காமல் வேகமாகப் பாடினேன். 'ப' என்று வந்து தாண்டிப் போய்விட்டது. தட்டினாள். எச்சரிக்கை போய்விட்டது.

"வில்லு?" என்றாள். "இழுப்பா, தள்ளா?"

நோட்டைப் பார்த்துப் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதே வரியை வாய்க்குள் ஓட்டினேன். பஞ்சமம் வந்த இடத்தில் என் வலது கை, பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டியில் இடித்துக்கொண்டு, வெளிப்பக்கமாகப் போயிருந்தது.

"இழுப்பு" என்றேன்.